கேட்டால் கிடைக்கும் ஊர்

"ஏன் இந்த ஊருக்கு வந்தீங்க?"

தண்துறையின் வரவுக்கூடத்தில் ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் மொழிச்செவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் லாகோஸிலிருந்து வந்த தச்சர் முதலில் எழுந்தார். "இங்கே கேட்டால் கொடுப்பார்களாம்" என்றார். அரிசோனாவைக் காலி செய்துவிட்டு வந்த கணவனும் மனைவியும் அதையேதான் சொன்னார்கள். டாக்காவிலிருந்து வந்த இளம்பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கள் ஊரிலும் குளிர் இருக்கிறது. ஆனால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும்" என்றாள்.

கேள்வி கேட்ட தெக்லாவுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. வருடக்கணக்காகக் கேட்டும் அவளுக்கு இந்தப் பதில் சலிக்கவே இல்லை.

உலகம் வெந்துகொண்டிருந்தது. குளிர் இல்லாத ஊர்கள் காலியாயின. குளிர் இருந்த ஊர்கள் கதவைச் சாத்திக்கொண்டன. தென்கடலோரத்தில் தண்துறை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஆழ்கடலின் அடியிலிருந்து குளிர்நீரை உறிஞ்சி வரும் இரண்டு பெருங்குழாய்கள் அதற்கு ஒரு காரணம். ஆனால் குழாய் போட்ட ஊர்கள் வேறு சிலவும் உண்டு. வந்த குளிரை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பதில்தான் எல்லாரும் கோட்டை விட்டார்கள்.

தண்துறையும் முதலில் கோட்டை விட்டதுதான். வீட்டுக்கு வீடு வெப்பமானி வைத்து, சூடான வீட்டுக்கு அதிகக் குளிர் என்றார்கள். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மானிக்குக் கீழே அடுப்பைப் பற்றவைத்தார்கள். ஒரு மகானுபாவர் ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரையையே தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். மாநகர மன்றம் சலித்துப்போய் மானிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மனிதர்களையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தது.

அப்படிப் பிறந்ததுதான் கேட்பான். ஒவ்வோர் அறைச் சுவரிலும் உள்ளங்கை அளவு வட்டம். அதன் பக்கத்தில் குளிர்காற்று வரும் குளிர்வாய். கேட்பான் அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, "குளிர் வேண்டுமா?" என்று கேட்கும். வேண்டும் என்றால் குளிர்வாய் திறக்கும், போதும் என்றால் மூடும். தேவைக்கு மேல் கேட்கிறவரின் பொய்யைக் குரலின் நடுக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும். அதை ஏமாற்ற முயன்றவர்கள் எல்லாம் முகத்தில் கரி பூசிக்கொண்டதுதான் மிச்சம்.

கேட்பானுக்குப் பேச்சின் பொருளைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் தெக்லா. அதற்கு இரண்டு பூட்டுகளும் அவள்தான் போட்டாள். ஒருவருக்காக இன்னொருவர் கேட்க முடியாது. எந்த அதிகாரியும், அவளே ஆனாலும், ஒரு வீட்டுக்குக் குளிர் விடச் சொல்லி உத்தரவிட முடியாது. சிபாரிசு என்ற பேச்சே இந்த ஊரில் செத்துப்போக வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம்.

"எல்லாரும் கவனிங்க" என்றாள் தெக்லா. "கேட்பான் ஒவ்வொரு வேளையும் ஒரு தடவைதான் கேக்கும், வற்புறுத்தாது. வேணும்னா முதல் தடவையே வேணும்னு சொல்லிடணும். கூச்சப்பட்டுக்கிட்டு வேண்டாம்னு சொன்னா, வேண்டாம்னே எடுத்துக்கும்."

பஸ்ராவிலிருந்து வந்த படகு மெக்கானிக் ஸைனப்பால் சேர்க்கப்பட்ட பாடம் இது. வந்த புதிதில் அவள் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறாள். அவள் ஊரில் மூன்றாம் தடவை வற்புறுத்தினால்தான் ஒத்துக்கொள்வது மரியாதையாம். மூன்றாம் தடவைக்காகக் காத்திருந்து மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து புதிதாக வருகிற எல்லாருக்கும் இந்தப் பாடம் கட்டாயமானது. ஊர்க்காரர்களுக்கு இதை நடத்த யாருக்கும் தோன்றவில்லை. கேட்பானைக் கட்டியதே அவர்கள்தானே.

பாடம் முடிவதற்குள் கூடத்தின் விளக்குகள் மஞ்சளாக மாறின. வெளியே கொதிநாள், மனிதர் தெருவில் நடமாட முடியாத வெப்பம். அந்த நேரம் பார்த்துப் பெருங்குழாய்களில் ஒன்று உடைந்துவிட்டது. பாதிக் குளிர்தான் வரும்.

தெக்லா பணியறைக்கு ஓடி நகர வரைபடத்தைத் திறந்தாள். குளிர் போகும் வீடுகள் நீலமாகவும் போகாதவை கறுப்பாகவும் தெரியும். புதுக் குடியிருப்புகள் எல்லாம் நீலம். கடலோரத்துப் பழைய தெருக்கள் வரிசையாகக் கறுத்துக்கொண்டு வந்தன. அவள் பிறந்த வலைத்தெருவில் ஒன்றே ஒன்றுதான் நீலம். அது ஸைனப்பின் வீடு.

"கேட்பான், வலைத்தெருவுக்கு ஏன் குளிர் போகவில்லை?"

"வலைத்தெருவில் அனைவரும் போதும் என்கிறார்கள்" என்றது கேட்பான்.

அவள் அண்ணன் தனிஸ்லாஸை அழைத்தாள்.

"அண்ணே, வீட்ல எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கோம் தெக்லா. நீ சாப்ட்டியா?"

"குளிர் வருதாண்ணே?"

"அது நின்னு ரொம்ப நேரமாச்சு. பரவால்ல. ஒரு குழாய் ஒடஞ்சி போச்சாமே? எங்கிருந்தெல்லாமோ வந்த சனம், பாவம். அதுகளுக்குப் போவட்டும்."

"மதினி எங்க?"

"படுத்திருக்கா. அசதியா இருக்குன்னா."

"கேட்பான் அவங்ககிட்ட கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. வேண்டாம்னுட்டா. ஊரே தவிச்சுக் கெடக்கையில எந்த வாயால நமக்கு வேணும்னு கேக்கச் சொல்லுத?"

மதினி அமலிக்கு இது நிறைமாதம். பத்து வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. தேவைக்கு மேல் கேட்கும் பொய்யைப் பிடிக்க அவள் கேட்பானுக்கு நூறு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள். தேவை இருந்தும் வேண்டாம் என்று சொல்லும் பொய் ஒன்று இருப்பது அவள் நினைவுக்கே வரவில்லை. அவளும் அதைச் சொல்லியே வளர்ந்தவள்தான். அதைப் பொய் என்று யார் நினைப்பார்கள்?

பணியாளர்களுக்கான குளிர்வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வலைத்தெருவுக்குப் பறந்தாள். வண்டியிலிருந்து வீட்டு வாசலுக்கு நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு எரிந்தது. கதவைத் திறந்தபோது உள்ளிருந்து அடுப்படியைப் போல் அனல் அடித்தது.

அமலி தரையில் கிடந்தாள். முகம் சிவந்து உதடு வெடித்திருந்தது. தனிஸ்லாஸ் விசிறிக்கொண்டிருந்தான். ஈரத்துணியால் அவள் கழுத்தை ஒற்றிக்கொண்டிருந்த ஸைனப் தலை நிமிர்ந்தாள். துறைமுகத்தில் கற்றுக்கொண்ட தமிழ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"மூணு வாட்டி கூப்ட்டேன் தெக்லாக்கா, எங்க வீட்டுக்கு வாங்கன்னு. இருக்கட்டும், இருக்கட்டும்னே சொல்லுதாக. அப்புறம் கதவைத் தள்ளிட்டு நானே வந்துட்டேன். இப்பத் தூக்கிட்டுப் போலாம்னா, தொட்டாலே வலிக்குதுன்னு அலறுதாக. வெளியில ரோடு உருகிக் கெடக்கு. இந்த நெலமையில எப்படித் தூக்க?"

அமலி கண்ணைத் திறந்தாள். "வா தெக்லா... நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு. ஏங்க, தங்கச்சிக்குக் குடிக்க ஏதாவது குடுங்க."

சொல்லி முடிக்கும் முன் கண் மேலே செருகியது.

"அமலி, குளிர் வேண்டுமா?" என்று சுவரிலிருந்து குரல் வந்தது.

"மதினி! வேணும்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைதான், சொல்லுங்க!"

அமலியின் நினைவு பாதி போயிருந்தது. வாய் மட்டும் பழகிய மரியாதையைப் பேசியது. "எனக்கென்ன... போதும். ஸைனப்புக்குக் குடுங்க. பாவம், அவளுக்கு வேர்த்துக் கொட்டுது."

"நன்றி, அமலி" என்றது கேட்பான்.

"எனக்கு வேணும்!" என்று தனிஸ்லாஸ் சுவரைப் பார்த்துக் கத்தினான். வாழ்க்கையில் அவன் வாய்விட்டுக் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும். "எனக்குக் குடு!"

"குரல் சரிபார்க்கப்பட்டது. தனிஸ்லாஸ், நீங்கள் உங்களுக்காகக் கேட்கவில்லை" என்றது கேட்பான். குளிர்வாய் அசையவில்லை. அவன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

தெக்லாவுக்கு ஆத்திரம் பொங்கியது. தான் போட்ட பூட்டுக்குத் தானே தலை கொடுத்து நிற்கிறோம் என்று புரிந்தபோது அவமானமாகவும் இருந்தது. இந்த வீட்டுக்குக் குளிர் விடு என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் பயிற்றுநராக அவளுக்கு ஒரு கதவு மிச்சம் இருந்தது. ஊர் முழுவதற்குமாக ஒரு பேச்சின் பொருளை மாற்றலாம்.

"கேட்பான், பாடம்" என்றாள்.

"சொல்லுங்கள், தெக்லா."

"இந்த ஊரில் வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குத்தான் குளிர் வேண்டும். போதும், இருக்கட்டும், பரவாயில்லை எல்லாமே அப்படித்தான்."

"இந்த வீட்டிற்கு மட்டும் மாற்ற இயலாது."

"எல்லாருக்கும் மாற்று."

"மாற்றுகிறேன். அப்படியானால், வேண்டும் என்று சொல்கிறவர்களை எப்படிப் புரிந்துகொள்வது?"

அமலியின் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஸைனப் அவள் பெயரைச் சொல்லிக் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதை நீயே பாத்துக்கோ!" என்று கத்தினாள் தெக்லா.

"நன்றி" என்றது கேட்பான்.

குளிர்வாய் திறந்தது. கடலின் அடிவயிற்றுக் குளிர் அறைக்குள் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அமலியின் மூச்சு சீரானது. மாலையில் தெருவில் வெப்பம் தணிந்ததும் குளிர்வண்டியில் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பொழுது விடிவதற்குள் ஆண் குழந்தை பிறந்தது. லியோன் என்று பெயர் வைத்தார்கள். ஸைனப்தான் முதலில் தூக்கினாள்.

பழைய தெருக்கள் எல்லாம் நீலமாயின. அந்தக் கோடையில் கடலோரத்தில் ஒரு சாவுகூட இல்லை. மாநகர மன்றம் தெக்லாவுக்கு மாலை போட்டது. மாலையைக் கழற்றி வைத்த பிறகுதான் அவளுக்கு அந்தக் கடைசிக் கேள்வி உறுத்தியது. கேட்பான் அதை எப்படித்தான் பார்த்துக்கொண்டது?

கேட்பான் சோம்பேறியல்ல. தன்னிடம் பதிவாகியிருந்த பழைய பேச்சுகளையெல்லாம் மருத்துவமனைத் தகவல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. சுருண்டு விழுந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் வேண்டாம் என்று சொன்னவர்கள். வேண்டும் என்று சத்தமாகக் கேட்டவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ஆகவே கேட்கத் தெம்பு இருக்கிறவருக்குக் குளிர் தேவையில்லை என்று அது முடிவு கட்டியது. கேட்டவருக்குக் குளிர் கிடைத்ததால்தான் தெம்பு இருந்தது என்பதை அதற்குச் சொல்ல ஆளில்லை.

புதுக் குடியிருப்புகளில் குளிர்வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. வேண்டும், வேண்டும் என்று கத்தியவர்கள் வெந்தார்கள். ஆனால் பிழைக்க வந்தவர்கள் அல்லவா, சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். லாகோஸ் தச்சர் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, எனக்கெதற்கு, இருக்கட்டும்" என்று குழையக் கற்றுக்கொண்டார். அரிசோனாத் தம்பதி கண்ணாடி முன் நின்று பழகினார்கள். வரவுக்கூடத்தில் ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்ட மனிதர்கள்கூட, "சும்மாதான். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்" என்றார்கள். சேதி உலகமெல்லாம் போயிருந்தது. அடக்கமாக இருந்தால் அள்ளிக் கொடுக்கிற ஊராம். கூட்டம் முன்னிலும் அதிகமாக வந்தது.

போலி அடக்கத்தைக் குரலில் பிடிக்கக் கேட்பானுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எனவே நன்றாக நடித்தவருக்கு நல்ல குளிர் கிடைத்தது.

தெக்லா மன்றத்தில் போய் நின்றாள். பாடத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றாள். நல்லா ஓடுற வண்டிய எதுக்கும்மா நோண்டணும் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு பாடம் மன்றத்தின் ஒப்புதல் பெற்று நிலைத்துவிட்டால் பயிற்றுநர் தனியாக மாற்ற முடியாது என்பதும் சட்டம்தான்.

ஸைனப் பெட்டி கட்டினாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "தெரியலக்கா" என்றாள். "உள்ளத உள்ளபடி கேக்கலாம்னுதான் இந்த ஊருக்கு வந்தேன். அதுக்குப் பழக ஒரு வருசமாச்சு. மறுபடியும் பொய் சொல்ல வரமாட்டேங்கு." தெக்லா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். போகாதே என்று சொல்ல அவளுக்கு முகமில்லை. ஸைனப்பின் வீட்டுக்கு வந்த புதுக் குடும்பம் வேண்டாம் என்று சொல்வதில் கெட்டிக்காரக் குடும்பம்.

அடுத்த கொதிநாள் வந்தபோது லியோனுக்கு மூன்று மாதம். தனிஸ்லாஸ் கடல்மேல் இருந்தான். தெக்லா விடிவதற்கு முன்பே நடந்தே வலைத்தெருவுக்கு வந்து அமலியோடு இருந்துவிட்டாள். ஊரே ஒரே குரலில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் ஒவ்வொருவருக்கும் கிடைத்த குளிர் கொஞ்சம்தான். நண்பகலில் அந்தக் கொஞ்சமும் போதவில்லை. பிள்ளையின் உடம்பு நெருப்பாய்ச் சுட்டது.

பேசத் தெரியாத குழந்தைக்கும் தனிப் பங்கு உண்டு. தாயின் பதிலையும் குழந்தையின் குரலையும் சேர்த்துக் கேட்பான் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

"லியோனுக்குக் குளிர் வேண்டுமா?"

"வேண்டாம்னு சொல்லுங்க மதினி" என்றாள் தெக்லா.

அமலி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். தனக்கென்றால் அந்த வார்த்தை தானாக வந்துவிடும். பத்து வருடம் தவமிருந்து பெற்ற பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, அவனுக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாய்ச்சொல் பலித்துவிட்டால்?

"எப்படி தெக்லா சொல்லுவேன்? பிள்ளைய வச்சுக்கிட்டு அப்படிச் சொல்லலாமா?"

"பொய்தான மதினி! சும்மா சொல்லுங்க!"

"வேணும்" என்றாள் அமலி. பிறகு குரல் உடைந்து கத்தினாள். "எம் பிள்ளைக்கு வேணும்! குடு! எனக்கு வேணும், குடு!"

"நன்றி, அமலி. நலமாக இருக்கிறீர்கள்" என்றது கேட்பான். கொஞ்சமாகத் திறந்திருந்த குளிர்வாயும் மூடிக்கொண்டது.

லியோன் வீறிட்டான். மூன்று மாதக் குழந்தைக்குக் கேட்பதைத் தவிர வேறென்ன தெரியும்? உடம்பையெல்லாம் முறுக்கிக்கொண்டு, பசிக்கும் வெக்கைக்கும் சேர்த்து, நெஞ்சிலிருந்து கேட்டான். தெக்லா சுவரை முஷ்டியால் குத்தினாள். பாடம் பாடம் என்று அலறினாள். பிள்ளையின் குரல் மெல்லத் தேய்ந்து முனகலாகி, அதுவும் நின்றுபோனது. தலை அமலியின் கையில் தொங்கியது.

கேட்பான் ஒரு கணம் காத்திருந்தது. கேட்காத குழந்தை என்று கண்டதும் குளிர்வாய் முழுதாகத் திறந்துகொண்டது.

இரண்டு பெண்களும் பிள்ளையைத் தூக்கி அந்தக் குளிரில் காட்டினார்கள். தெக்லா அவன் காலைத் தேய்த்தாள். அழுடா, அழுடா தங்கம் என்று அமலி கெஞ்சினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் முகத்தில் நிறம் திரும்பியது. உதடு துடித்தது. ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு லியோன் வீறிட்டு அழுதான்.

தெக்லா சிரித்தாள். அதற்குள் குளிர்வாய் மூடத் தொடங்கியது.

அமலி அதைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். தன் உள்ளங்கையால் அந்தச் சின்ன வாயைப் பொத்தினாள். மூக்கை மறைக்காமல், பக்குவமாக. பிள்ளை மிரண்டுபோய் அம்மாவின் முகத்தையே பார்த்தது.

"கேக்கப்படாது, ராசா" என்று அவன் காதருகே குனிந்து சொன்னாள். கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "நம்ம கேக்கப்படாது."

குளிர்வாய் மெல்லத் திறந்தது.